அஸுகாவை ரசிகர்கள் ஏன் இன்னும் விடவில்லை

"நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்" என்ற ஜப்பானிய அனிமே (அசைவூட்டத்) தொடரை அண்மையில் முதன்முறையாகப் பார்த்து முடித்த நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "வந்த நொடியிலிருந்து தற்பெருமை பேசுகிறாள், எல்லாரையும் எடுத்தெறிந்து பேசுகிறாள், கதாநாயகனை ஒரு நாளாவது நிம்மதியாக இருக்க விடுவதில்லை. அப்படிப்பட்ட அஸுகா லாங்லி சோரியூவை முப்பது ஆண்டுகளாக ரசிகர்கள் ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? சிவப்பு உடையும் அழகான ஓவியமும் தவிர அவளிடம் என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி இது. அதற்கு நான் நம்பும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஸுகா எதை மறைக்கிறாள் என்பதைத் தொடர் நமக்கு ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. ஆனால் அவளோடு ஒரே வீட்டில் வாழும் எவரும் அதை அவள் வாயால் கேட்டறிந்ததில்லை. அவளுடைய துயரத்துக்குச் சாட்சி என்று இருப்பவர் திரைக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் பார்வையாளர் ஒருவரே. கதைக்குள் புகுந்து உதவ முடியாத அந்தச் சாட்சியின் நிலைதான், இந்தப் பாத்திரத்தை எளிதில் மறக்க விடாமல் செய்கிறது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சிறு பின்னணி. ஹிதேயாகி அன்னோ இயக்கத்தில் கெய்னாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த 26 பகுதித் தொடர் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. ஏஞ்சல்கள் என்று அழைக்கப்படும் விநோத உயிர்கள் நகரத்தைத் தாக்குகின்றன. எவா என்னும் பிரம்மாண்ட உருவங்களுக்குள் அமர்ந்து அவற்றோடு போரிடப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஷிஞ்சி இகாரி, ரேய் அயனாமி, அஸுகா ஆகிய மூவரும் அத்தகைய பைலட்கள். ஷிஞ்சியும் அஸுகாவும் அதிகாரி மிசாதோ கட்சுராகியின் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பாத்திரங்களை வரைந்தவர் யோஷியுகி சடாமோட்டோ. அஸுகாவுக்குக் குரல் கொடுத்தவர் யூகோ மியாமுரா.

அவள் பெயரில் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன: சோரியூ ஜப்பானுடையது, லாங்லி அமெரிக்காவுடையது. அவள் தாயின் பெயரில் வரும் ஸெப்பலின், ஜெர்மனியின் கிராஃப் ஸெப்பலின் கப்பலைக் குறிக்கிறது. முதல் இரண்டும் 1942இல் போரில் அழிந்தவை. மூன்றாவது கட்டி முடிக்கப்படவே இல்லை. இந்தத் தொடரில் வேறு பலருக்கும் போர்க்கப்பல் பெயர்கள்தாம் என்பதால் இதில் பெரிய தத்துவம் தேட வேண்டியதில்லை. எனினும் அந்தப் பெயரைச் சுமப்பவளை எட்டாம் பகுதியில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், மஞ்சள் கவுன் காற்றில் படபடக்க, நிற்க வைத்து அறிமுகம் செய்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த தேர்வு. அதுவரை மருத்துவமனைக் கூரைகளும் இருண்ட அறைகளும் ஷிஞ்சியின் தயக்கமுமாக நகர்ந்துகொண்டிருந்த கதைக்குள் வெயிலும் கடலும் இரைச்சலும் ஒரே நேரத்தில் நுழைகின்றன. அவள் வந்ததும் தொடரின் நடையே மாறிவிடுகிறது. பார்வையாளர் அவளை முதலில் விரும்பத் தொடங்குவது இந்தச் சுறுசுறுப்புக்காகத்தான், அதில் தவறும் இல்லை.

ஆனால் அவள் அணிந்திருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலைமுடியின் இருபுறமும் சிவப்பு நிறத்தில் கிளிப் போன்ற இரண்டு பொருள்கள் இருக்கும். அவை எவாவை இயக்கும்போது மூளையோடு இணைப்பை ஏற்படுத்தும் கருவிகள். மற்ற இரு பைலட்களும் எவாவுக்குள் ஏறும்போது மட்டும் அணிவதை, அஸுகா பள்ளிச் சீருடையோடும் வீட்டு உடையோடும் அணிந்திருக்கிறாள். முதல் பார்வையில் அது அலங்காரம். கடைகளில் விற்கும் பொம்மைகளிலும் அவளைப் போல வேடமிடுவோர் தலையிலும் அலங்காரமாகவே நிலைத்துவிட்டது. கதை நகர நகர, பைலட் என்ற தகுதியைக் கழற்றி வைத்துவிட்டால் தான் யாருமில்லை என்று நம்பும் ஒரு பிள்ளையின் அடையாள அட்டையாக அது தெரியத் தொடங்குகிறது. இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒன்பதாம் பகுதி பொதுவாக வேடிக்கையான பகுதி என்று பெயர் பெற்றது. இரண்டாகப் பிரியும் ஒரு ஏஞ்சலை வீழ்த்த ஷிஞ்சியும் அஸுகாவும் ஒரே தாளத்தில் அசைய வேண்டும். அதற்காகப் பல நாள் நடனப் பயிற்சி செய்து, 62 விநாடி நீளும் ஒரு போரை இசைக்கு ஏற்ப ஆடி முடிக்கிறார்கள். அந்தப் பகுதியின் நடுவே ஒரு சிறு இரவுக் காட்சி உண்டு. இந்தக் கதவைத் தாண்டி வரக்கூடாது என்று ஷிஞ்சியிடம் எச்சரித்துவிட்டுப் படுத்தவள், நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து வந்து அவன் அருகிலேயே படுத்துவிடுகிறாள். அவன் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, அவள் தூக்கத்திலேயே "அம்மா" என்கிறாள். மூடிய கண்ணில் நீர். அவளும் ஒரு குழந்தைதானே என்று முணுமுணுத்து அவன் விலகிப் போய்ப் படுக்கிறான். மறுநாள் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அவள் அம்மாவை அழைத்து அழுததைப் பற்றி அவனும் அவளிடம் பேசுவதே இல்லை. காரணம் நமக்குத் தெரியவர இன்னும் பதின்மூன்று பகுதிகள் ஆகும்.

அந்தக் காரணத்தை 22ஆம் பகுதி சொல்கிறது. அஸுகாவின் தாய் க்யோக்கோ ஒரு விஞ்ஞானி. எவாவோடு செய்த ஒரு சோதனையில் மனம் சிதைந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். ஒரு துணிப்பொம்மையைத் தன் மகள் என்று நம்பி, அதற்குச் சோறூட்டி, அதோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உண்மையான மகள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள். எவாவுக்குப் பைலட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியோடு, இனியாவது அம்மா என்னைப் பார்ப்பாள் என்று ஓடிவந்து கதவைத் திறக்கும் நாளில், தாய் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறாள். அடக்கத்தின்போது அந்தச் சிறுமி அழுவதில்லை. அழமாட்டேன், தனியாக வாழ்ந்து காட்டுவேன் என்று முடிவெடுக்கிறாள். பதினான்கு வயதுக்குள் பல்கலைக்கழகப் பட்டம், எல்லாவற்றிலும் முதலிடம், யாரையும் அண்டவிடாத வாய்த்துடுக்கு எல்லாம் அந்த முடிவிலிருந்து முளைத்தவை.

இந்தச் செய்தி தெரிந்த பிறகு முந்தைய பகுதிகளை மறுபடி பார்ப்பது வேறு அனுபவம். பொம்மை என்ற சொல்லை அவள் எந்த இடத்திலெல்லாம் ரேய் மீது எறிகிறாள் என்பது காதில் விழத் தொடங்கும். 22ஆம் பகுதியிலேயே வரும் லிஃப்ட் காட்சியைப் பார்ப்போம். அஸுகாவும் ரேயும் ஒருவரோடொருவர் பேசாமல் நிற்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் படம் அசைவதே இல்லை. லிஃப்டின் ஓசை மட்டும் கேட்கிறது. பிறகு ரேய், நீ மனத்தைத் திறக்காவிட்டால் எவா அசையாது என்கிறாள். அவமானத்தில் கொதிக்கும் அஸுகா, தளபதி சாகச் சொன்னால் செத்துவிடுவாயா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறாள் ரேய். உடனே ஓர் அறை. நீ ஒரு பொம்மைதான் என்ற கூச்சல். முதல் முறை பார்ப்பவருக்கு இது பொறாமைக்காரியின் அடாவடி. தாயின் படுக்கையில் தனக்குப் பதிலாக ஒரு பொம்மை இருந்ததை அறிந்தவருக்கு, தன் இடத்தைப் பறித்துக்கொண்ட ஒன்றை எதிரில் கண்டுவிட்ட பிள்ளையின் நடுக்கம். ரேய்க்கு இது தெரியாது. அவள் நல்லெண்ணத்தோடுதான் பேசினாள் என்பதும் உண்மை. இருவரில் யார் பக்கமும் நிற்க முடியாத அந்த இக்கட்டில் நம்மைத் தொடர் விட்டுவிடுகிறது.

அதே பகுதியில் இன்னும் சிறிய ஒரு காட்சி உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் குறை. ஜெர்மனியிலிருந்து சிற்றன்னை தொலைபேசியில் அழைக்கிறாள். அஸுகா சரளமான ஜெர்மன் மொழியில், சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அருகில் இருக்கும் ஷிஞ்சிக்கு, இவளுக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே என்று தோன்றுகிறது. பேசி முடித்தவள், அதெல்லாம் மேலோட்டமான உறவு, அவள் என் உண்மையான தாய் அல்ல என்கிறாள். பிறகு, இதையெல்லாம் இவனிடம் போய் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தன்னையே கடிந்துகொள்கிறாள். ஒரு கணம் திறந்த கதவு அவள் கையாலேயே மூடிக்கொள்கிறது. அதைத் தள்ளித் திறக்கும் துணிவு ஷிஞ்சிக்கு இல்லை. இருவருக்கும் தாய் இல்லை, இருவரும் எவாவுக்குள் ஏறுவதால் மட்டுமே மதிக்கப்படுகிறார்கள், இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் ஒருவரையொருவர் எட்ட முடியவில்லை.

இதன் பின்னர்தான் சுற்றுப்பாதையில் மிதக்கும் ஏஞ்சல் ஒன்று அவள் மனத்துக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. பின்வாங்கு என்ற ஆணையை அவள் மறுக்கிறாள். மழை பெய்கிறது, பின்னணியில் ஹேண்டலின் "அல்லேலூயா" கோரஸ் ஒலிக்கிறது. என் மனத்துக்குள் வராதே என்று கதறுகிறாள். காப்பாற்றுபவள் ரேய், அதாவது அவள் யாரிடம் கடன்பட விரும்பமாட்டாளோ அவளே. எல்லாம் முடிந்தபின் தடுப்பு நாடா கட்டிய கூரைத்தளத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் அவளிடம், நீ பிழைத்ததே போதும் என்று ஷிஞ்சி சொல்கிறான். அந்த ஆறுதலும் அவளுக்கு அடியாகவே விழுகிறது. அதன்பிறகு எவா அவளுக்கு அடங்குவதில்லை. 24ஆம் பகுதியில் இடிந்த ஒரு வீட்டின் குளியல் தொட்டியில், நடமாட முடியாத நிலையில் அவள் கண்டெடுக்கப்படுகிறாள்.

இங்கே ஒரு பொதுக் கருத்தை மறுத்துவிட விரும்புகிறேன். வெளியே சிடுசிடுப்பு, உள்ளே அன்பு என்ற வார்ப்பில் வரும் கதாநாயகிகளை அனிமே ரசிகர்கள் சுண்டரே என்று வகைப்படுத்துவார்கள். அந்த வகைக்கு முன்னோடி அஸுகாதான் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த வகை பரவலானது 2000க்குப் பிறகு, அஸுகா வந்து சில ஆண்டுகள் கழிந்தபின். வெளிச்சாயலில் ஒற்றுமை இருக்கலாம். ஆனால் அந்த வகைக் கதைகளில் கோபம் ஒரு மேலுறை. கதாநாயகன் பொறுமையாக இருந்தால் அது கழன்று, உள்ளே இருக்கும் இனிமை அவனுக்குப் பரிசாகக் கிடைக்கும். பார்வையாளருக்கும் அந்தப் பரிசில் பங்கு உண்டு. அஸுகாவின் கோபம் கழன்றபோது உள்ளே இருந்தது ஒரு சிறுமியின் பயம், அது யாருக்கும் பரிசாகக் கிடைக்கவில்லை. அவளைப் பார்த்து வார்க்கப்பட்ட எத்தனையோ பாத்திரங்கள் ஓரிரு ஆண்டுகளில் மறக்கப்பட்டு, இவள் மட்டும் நிற்பதற்கு இந்த வேறுபாடே முக்கியக் காரணம் என்பது என் துணிபு. அவளை இனிமையாக்கி, பள்ளிக்கூடக் காதல் கதைகளுக்குள் வைத்து வெளிவந்த துணைப் படைப்புகளும் உண்டு. அவற்றைப் படிப்பது இதமாக இருக்கும், ஆனால் முடித்த பிறகு அவற்றைப் பற்றி விவாதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

1997 ஜூலையில் வெளிவந்த "தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்" திரைப்படம் இந்தப் பரிசு மறுப்பை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. நினைவிழந்தவள் எவாவுக்குள் வைக்கப்பட்டு ஏரியின் அடியில் மறைக்கப்படுகிறாள். மேலே குண்டுகள் வெடிக்க, சாக விருப்பமில்லை, சாக விருப்பமில்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த இருட்டில், தன் எவாவுக்குள் இத்தனை நாளும் இருந்தது தாயே என்பதை உணர்கிறாள். பிறகு வரும் சண்டை அனிமே வரலாற்றின் மிகச் சிறந்த சண்டைக் காட்சிகளில் ஒன்று. எதிரே ஒன்பது எவாக்கள். மின்கேபிள் இல்லாத அவளிடம் எஞ்சியிருப்பது மூன்றரை நிமிட மின்சாரம். ஒன்றுக்கு இருபது விநாடிதானா என்று அவள் கணக்குப் போடும் குரலில் மகிழ்ச்சி இருக்கிறது. கவனியுங்கள், தொடர் முழுவதிலும் அவள் யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியமின்றிப் போரிடுவது இந்த ஒரு தடவைதான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே போதுமாக இருக்கிறது. மின்சாரம் தீர்ந்ததும் வீழ்ந்தவை எல்லாம் எழுந்து வருகின்றன. அடுத்து நடப்பதை விவரிக்க எனக்கு மனமில்லை.

அந்தப் படத்திலேயே, மனங்கள் ஒன்றோடொன்று கலக்கும் பகுதியில், ஒரு சமையலறைக் காட்சி வருகிறது. ஷிஞ்சி, எனக்கு உதவி செய், உன்னால் மட்டுமே முடியும் என்று அஸுகாவிடம் கெஞ்சுகிறான். அவள் மறுக்கிறாள். உனக்கு யாராக இருந்தாலும் சரிதான். மற்றவர்களிடம் போகப் பயம் என்பதால் என்னிடம் ஓடி வருகிறாய். நீ யாரையும் நேசித்ததே இல்லை என்ற பொருளில் பேசுகிறாள். அதே படத்தின் தொடக்கத்தில், நினைவற்றுக் கிடந்த அவள் முன் ஷிஞ்சி தன்னையே வெறுக்கும்படி நடந்துகொண்டதை நாம் பார்த்திருக்கிறோம். பின்னர் ஓரிடத்தில் திரையரங்கு இருக்கைகளில் அமர்ந்திருக்கும் நிஜ மனிதர்களின் படமும் காட்டப்படுகிறது. கற்பனைப் பெண்ணொருத்தியைத் தன் தனிமைக்கு மருந்தாக்கிக்கொள்ளும் ரசிகனிடம் அந்தப் பெண்ணே முடியாது என்று சொல்வதாகத்தான் நான் இந்தக் காட்சிகளைப் படிக்கிறேன். ரசிகர்களின் அன்பை இவ்வளவு கடுமையாகத் திருப்பி அனுப்பிய கதாநாயகி வேறு எவளையும் எனக்குத் தெரியாது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகே அவள் மீதான மதிப்பு ஆழமானது. ஒளிபரப்பான காலத்தில் ஜப்பானில் ரேயின் அலைதான் பெரிது. அமைதியான, எதையும் கேட்காத ரேய் மீது பார்ப்பவர் தாம் விரும்பியதை ஏற்றிக்கொள்ள முடிந்தது. அஸுகா மீது அப்படி எதையும் ஏற்ற முடியாது. அவள் எதிர்த்துப் பேசுவாள்.

யூகோ மியாமுராவின் குரலைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவு பெறாது. நீ என்ன முட்டாளா என்று நொடிக்கொருமுறை சீறும் கூர்மையும், தூக்கத்தில் அம்மாவை அழைக்கும்போது ஐந்து வயதுக்கு இறங்கிவிடும் மென்மையும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. ஏரியின் அடியில் வரும் காட்சியில் ஒரே வாக்கியத்தை முனகலில் தொடங்கி அலறல்வரை கொண்டுபோகும் விதத்தைத் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நண்பரின் சந்தேகத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தையில் விற்கும் அஸுகா பொருள்களில் பெரும்பாலானவை, பதினான்கு வயதுப் பிள்ளை என்பதை மறந்துவிட்டு அவளைக் கவர்ச்சிப் பொருளாக மட்டும் பார்க்கின்றன. தொடரின் சில காட்சிகளும் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. அது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. ஆனால் அந்த ஈர்ப்பு மட்டுமே இருந்திருந்தால் அடுத்த சிவப்பு உடை வந்ததும் இவள் மறைந்திருப்பாள். பதின்வயதில் ஷிஞ்சியின் கண்ணால் அவளைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள், முப்பது வயதில் மறுபடி பார்க்கும்போது, இந்தப் பிள்ளையை ஏன் ஒரு பெரியவரும் உட்கார வைத்துப் பேசவில்லை என்று மிசாதோ மீது கோபப்படுகிறார்கள். படிப்பிலோ வேலையிலோ முதலிடம் என்பதையே முழு அடையாளமாக்கி, அது ஒருநாள் கைவிட்டபோது நொறுங்கிப்போனவர்கள் 22ஆம் பகுதியைப் பற்றி எழுதும்போது, எழுத்திலேயே வேறுபாடு தெரியும். 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் இந்தத் தொடரை உலகெங்கும் வெளியிட்ட பிறகு, அவள் அறிமுகமானபோது பிறந்திராத தலைமுறையும் இந்த விவாதத்துக்குள் வந்துவிட்டது.

கதையைப் புதிதாக மறுபடி சொல்லும் பிற்காலத் திரைப்பட வரிசையில் அவள் பெயர் ஷிகினாமி அஸுகா லாங்லி என்று மாறியது. 2009இல் வெளியான இரண்டாம் படத்தில் அறிமுகமானாள். 2012இல் வந்த மூன்றாம் படத்தில் பதினான்கு ஆண்டுகள் கடந்திருக்க, உடல் வளராமல் ஒரு கண்ணை மறைத்தபடி நிற்கிறாள். 2021 மார்ச்சில் வெளிவந்த இறுதிப் படம், அவள் படியெடுத்து உருவாக்கப்பட்டவர்களில் ஒருத்தி, தாய் தந்தை என்று எவருமே இல்லாதவள் என்று சொல்கிறது. அந்தப் படத்தில் அவள் தங்கியிருப்பது பழைய வகுப்புத் தோழன் கென்சுகேயின் வீட்டில். முடிவில், சிறுமி அஸுகாவின் முன் ஒரு பெரிய பொம்மை உருவம் வந்து நிற்கிறது. தலையைக் கழற்றினால் உள்ளே கென்சுகே. அஸுகா அஸுகாதான், அதுவே போதும் என்று அவள் தலையைத் தடவிச் சொல்கிறான்.

இந்தக் காட்சியால் ரசிகர்களிடையே எழுந்த சச்சரவு இன்னும் ஓயவில்லை. ஷிஞ்சியோடு அவளைச் சேர்த்துப் பார்க்க இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் கென்சுகேயை இடையில் புகுந்தவனாகப் பார்த்தார்கள். நான் அவனைக் காதலனாக எண்ணவில்லை. பொம்மையால் இடம் பறிக்கப்பட்ட பிள்ளைக்கு, அந்தப் பொம்மைக்குள்ளிருந்தே ஒரு வளர்ந்த மனிதன் வந்து அவள் கேட்க ஏங்கிய சொல்லைச் சொல்கிறான் என்ற அளவில் அது மிகச் சரியான காட்சி. அதன் பிறகு, 1997 படம் முடிந்த அதே சிவப்புக் கடற்கரையில், இப்போது வளர்ந்த உடலோடு படுத்திருக்கும் அவளிடம், உன்னை எனக்குப் பிடித்திருந்தது என்று ஷிஞ்சி சொல்லி வழியனுப்புகிறான். ஆனால் எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன். ஷிகினாமிக்குத் துணிப்பொம்மையைக் கொஞ்சிய தாயும் இல்லை, ஏரிக்கடியில் அவளை மீட்டெடுத்த நொடியும் இல்லை. சோரியூவின் காயத்துக்கான மருந்து, அதே காயம் இல்லாத வேறொருத்திக்குத் தரப்பட்டிருக்கிறது. 1997இன் கடற்கரையில், தன் கழுத்தை நெரித்தவனின் கன்னத்தைத் தடவிவிட்டு, அருவருப்போடு ஒரு சொல் சொல்லி நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு அன்னோ இன்றுவரை பதில் எழுதவில்லை என்பதே என் வாசிப்பு. ரசிகர்கள் அவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான்.